வாய்ப்புண் அடிக்கடி வந்தால்: மலப் பரிசோதனையா, பயாப்ஸியா, கொலோனோஸ்கோபியா?

வாய்ப்புண் என்றால் நம் குமரி மாவட்டத்தில் முதல் பழி உடம்புச் சூட்டுக்குத்தான். மிளகுதக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுப்பார்கள். அடங்காவிட்டால் மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ். அதற்கும் அடங்காவிட்டால் புண்ணில் தடவ ஒரு ட்யூப். பெரும்பாலானவர்களுக்கு இதோடு சரியாகிவிடும். சாதாரண வாய்ப்புண் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வரக்கூடியது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறிவிடும். அதற்காக யாரும் கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரை மீதிப் பேருக்கு. புண் மாதாமாதம் வருகிறது, கூடவே வயிற்றோட்டமும் எடை இறக்கமும் இருக்கிறது. அல்லது உதடு வீங்கி வாரக்கணக்கில் வடியவே இல்லை. இப்படிப்பட்டவரிடம் ஒருவர் "பல் டாக்டரைப் பார்த்து ஒரு துண்டு எடுத்து அனுப்பு" என்பார். இன்னொருவர் "நேரா ஸ்கோப் போட்டுரு" என்பார். மூன்றாமவர் "மலத்தை டெஸ்ட் பண்ணினாலே தெரிஞ்சிரும்" என்பார். மூன்றுமே நல்ல யோசனைகள்தான், ஆனால் ஒரே ஆளுக்கு அல்ல.

நான் மருத்துவன் இல்லை. நாகர்கோவிலில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் சதைத்துண்டுகளை ஸ்லைடாக மாற்றுகிற வேலை பார்க்கிறேன். அதனால் எந்தச் சோதனை எந்தச் செல்லைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இந்த விஷயத்தில் முடிவெடுக்க அதுவே நல்ல வழி என்றும் நினைக்கிறேன்.

வாய்க்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்

1932-ல் நியூயார்க்கில் பர்ரில் கிரோன் என்ற மருத்துவர், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்ற இருவரோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வரும் ஓர் அழற்சி நோயை விவரித்து எழுதினார். கிரோன் நோய் என்று இன்று சொல்வது அதைத்தான். வாயிலிருந்து ஆசனவாய் வரை உணவுப்பாதையில் எந்த இடத்திலும் அது வரலாம். அதன் உறவுக்கார நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலோடு நின்றுவிடும். ஆனால் அதற்கும் வாயில் அடையாளங்கள் உண்டு.

கிரோன் நோய்க்கே உரிய வாய் அடையாளங்கள் சில இருக்கின்றன. உதடு தடித்து ரப்பர் போலக் கெட்டியாவது, கன்னத்தின் உட்புறம் பாளம் பாளமாக வெடித்துக் கல் பாவிய தளம் மாதிரித் தெரிவது, கன்னமும் ஈறும் சேரும் பள்ளத்தில் கத்தியால் கீறியதுபோல நீளப் புண், சிறு சதை மடிப்புகள் தொங்குவது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன. சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாத காலத்திலேயே வாயில் வந்துவிடும். குடல் நோய் இல்லாமல் உதடும் வாயும் மட்டும் இப்படி வீங்குவதற்கு ஓரோஃபேஷியல் கிரானுலோமட்டோசிஸ் என்று பெயர். 1985-ல் வீசன்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் வைத்த பெயர் அது. வாயில் ஓட்டிப் பார்த்தால் நாக்குச் சுளுக்கும். இனி இதை 'உதடு வீக்க நோய்' என்றே எழுதுகிறேன்.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பவர்களில் மிகச் சிலருக்கு ஈறிலும் கன்னத்திலும் மஞ்சள் நிறக் கொப்புளங்கள் வரிசையாகத் தோன்றி உடைந்து, நத்தை ஊர்ந்த தடம் போல வளைந்து கிடக்கும். பயோஸ்டொமட்டைட்டிஸ் வெஜிட்டன்ஸ் என்பார்கள். அபூர்வமானதுதான், ஆனாலும் இதைக் கண்டால் குடலைப் பார்க்காமல் விடக்கூடாது.

மூன்றாவதாக, எந்த நோய்க்கும் சொந்தமில்லாத பொதுப் புண்கள். சாதாரண வாய்ப்புண், கடைவாய் வெடிப்பு, நாக்கு வழவழவென்று சிவந்துபோவது. இவற்றுக்குக் காரணம் குடல் அழற்சியாகவும் இருக்கலாம். அந்த அழற்சியால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 குறைந்துபோனதாகவும் இருக்கலாம். வீட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

புண்ணுக்குள் இருக்கும் செல்கள்

சாதாரண வாய்ப்புண்ணைத் தொடங்கி வைப்பவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். அவை சளிச்சவ்வின் மேல்தோல் செல்களையே தாக்கி அழிக்கின்றன. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் அங்கே கூடுதலாகச் சுரக்கிறது. மேல்தோல் உடைந்த பிறகு நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் வந்து குவியும். புண்ணின் மேல் மஞ்சளாகப் படிந்திருப்பதில் பெரும்பங்கு அவையும், இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரதமும்தான். இந்தப் புண்ணிலிருந்து துண்டு எடுத்து அனுப்பினால் எங்களால் "புண்" என்றுதான் சொல்ல முடியும். கிரோனா, பி12 குறைவா, வெறும் வாய்ப்புண்ணா என்று ஸ்லைடில் பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரு சாதாரணப் புண்ணுக்கு பயாப்ஸி எடுத்துக் காசைச் செலவழிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உதடு வீக்கமும் பாளம் வெடித்த கன்னமும் வேறு கதை. அங்கே கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் ஒன்றாகத் திரண்டு, சில ஒன்றோடொன்று இணைந்து பல உட்கரு கொண்ட பெரிய செல்களாகி, சுற்றிலும் டி செல்கள் அணைத்து நிற்கும் சிறு உருண்டைகளாகிவிடும். இதுதான் கிரானுலோமா. கிரோன் நோயில் குடலில் காணும் கிரானுலோமாவும் உதட்டில் காணும் கிரானுலோமாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காசநோயிலும் கிரானுலோமா உண்டு. அதன் நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டி போலக் குழைந்திருக்கும் என்பது பாடம். நடைமுறையில் எல்லாக் காசநோய்த் துண்டிலும் அது தெரிவதில்லை. நம் நாட்டில் குடல் காசநோயையும் கிரோனையும் பிரித்தறிவது குடல் மருத்துவர்களுக்கே தலைவலி பிடித்த வேலை. சார்கோய்டோசிஸ் என்ற இன்னொரு நோயும் இதே உருண்டைகளைக் காட்டும்.

உதடு வீக்க நோயில் இன்னொரு சுவையான கண்டுபிடிப்பு உண்டு. லண்டனில் ஆராய்ந்தவர்கள், இந்த நோயாளிகளின் வாய்ச் சவ்வில் மேல்தோலுக்கு அடியிலேயே கிளை விரித்த வடிவில் பி செல்கள் என்ற வெள்ளணுக்கள் இருப்பதையும், அவற்றில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் இருப்பதையும் கண்டார்கள். ஐஜிஇ ஒவ்வாமையோடு சேர்ந்தது. ஆக, கிரோனுக்கு ஒப்பான கிரானுலோமாவும் ஒவ்வாமைக்கு ஒப்பான பி செல்லும் ஒரே உதட்டில் இருக்கின்றன. சாப்பாட்டை மாற்றினால் ஏன் சிலருக்கு உதடு வடிகிறது என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

நத்தைத் தடக் கொப்புளத்தில் நியூட்ரோஃபில்களோடு ஈசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்களும் கூட்டமாக இருக்கும். இரத்தத்திலும் ஈசினோஃபில் கூடியிருப்பது வழக்கம். இங்கேதான் நம் ஊரில் ஒரு சிக்கல். இரத்த அறிக்கையில் ஈசினோஃபில் கூடுதல் என்று வந்தால் எல்லோரும் உடனே பூச்சி மாத்திரைக்கோ சளி மாத்திரைக்கோ போய்விடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். வாயில் கொப்புளமும் மலத்தில் இரத்தமும் சேர்ந்திருந்தால் மட்டும் அந்த எண்ணை வேறு கண்ணால் பார்க்க வேண்டும்.

வாயில் தொடங்கியது குடலுக்குப் போகுமா என்ற கேள்விக்கு எலிகளில் செய்த ஆய்வு ஒன்று பாதி விடை தந்திருக்கிறது. 2020-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. ஈறு அழற்சியால் வாயில் பெருகிய கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் குடியேறுகின்றன. அங்குள்ள மேக்ரோஃபேஜ்களைத் தூண்டி அழற்சியைக் கூட்டுகின்றன. அதே சமயம், வாயின் பாக்டீரியாவை எதிர்க்கக் கழுத்து நிணநீர்க் கணுக்களில் பழகிய டிஎச்17 வகை டி செல்களும் குடலுக்கு இடம்பெயர்ந்து அங்கேயும் அதே பாக்டீரியாவைச் சந்தித்துச் சண்டையை வளர்க்கின்றன. மனிதர்களிடம் இது எந்த அளவு நடக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் குடல் நோய் உள்ளவர் ஈறில் இரத்தம் வந்தால் "அது கிடக்கட்டும்" என்று விடக்கூடாது என்பதற்கு இது போதும்.

முதல் வழி: தடவிக்கொண்டு காத்திருப்பது

புண் சிறியது, இரண்டு வாரத்துக்குள் ஆறுகிறது, வருடத்தில் எப்போதாவது வருகிறது, வயிறு சரியாக இருக்கிறது, எடை குறையவில்லை. இவர்களுக்கு இது போதும். ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு பேஸ்ட் தடவலாம். கிராம்பு எண்ணெய் வேண்டாம். கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, எனக்கும் அதில் பெருமைதான், ஆனால் அதன் எண்ணெய் திறந்த புண்ணில் பட்டால் சவ்வு இன்னும் வெந்துபோகும்.

இந்த வழிக்கு ஒரு காலக்கெடு உண்டு. மூன்று வாரமாகியும் ஒரே இடத்தில் ஆறாமல் இருக்கும் புண், குறிப்பாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுபவருக்கு, இந்தக் கட்டுரைக்கே வெளியே போய்விடுகிறது. அது புற்றுநோயா என்று பார்க்க உடனே பயாப்ஸி எடுக்க வேண்டும்.

இரண்டாவது வழி: இரத்தமும் மலமும்

புண் திரும்பத் திரும்ப வருகிறது, வயிற்றிலும் ஏதோ இருக்கிறது, ஆனால் ஆபத்தான அடையாளம் எதுவும் இல்லை. இவர்கள்தான் எண்ணிக்கையில் கூடுதல். இவர்கள் இங்கே தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

மலத்தில் பார்க்கும் கால்ப்ரோடெக்டின் நியூட்ரோஃபிலுக்குள் இருக்கும் ஒரு புரதம். அந்தச் செல்லின் உட்சாற்றுப் புரதத்தில் பாதிக்கு மேல் இதுதான். குடல் சுவரில் அழற்சி இருந்தால் நியூட்ரோஃபில்கள் குடலுக்குள் கசியும், கூடவே இந்தப் புரதமும் வரும். அது எளிதில் சிதையாது. காலையில் அருமனையில் எடுத்த மாதிரியை மத்தியானம் நாகர்கோவிலில் கொடுத்தாலும் கெட்டுப்போகாது. பெரியவர்களுக்கு ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்புக் குறைவு. 250-க்கு மேல் போனால் ஸ்கோப்பைத் தள்ளிப்போடக்கூடாது. இடைப்பட்டது வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பச் செய்வார்கள்.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கோ கடலுக்குப் போகிறவருக்கோ இதில் ஒரு நாள் கூலிகூடப் போவதில்லை. கொலோனோஸ்கோபிக்கு முந்தின நாள் முழுக்க மருந்து குடித்துக் கழிப்பறையோடு கிடக்க வேண்டும், மறுநாள் மயக்க மருந்து தெளியும்வரை துணைக்கு ஆள் வேண்டும். இதை யாரும் கணக்கில் எடுத்துச் சொல்வதில்லை.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கால்ப்ரோடெக்டின் "அழற்சி இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். யார் செய்தது என்று சொல்லாது. கிருமித் தொற்றால் வந்த வயிற்றோட்டத்திலும் கூடும், குடல் காசநோயிலும் கூடும், புற்றுநோயிலும் கூடும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இடுப்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் என்று தினமும் போடுகிறவருக்கும் கூடும். சோதனைக்கு முன்னால் அந்த மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இயல்பாகவே அளவு கூடுதல். சிறுகுடலில் மட்டும் இருக்கும் கிரோன் சில சமயம் இந்தச் சோதனைக்கு அகப்படாமல் தப்பிவிடும்.

அதனால்தான் இரத்தமும் சேர வேண்டும். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ஃபோலேட், பி12, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இரத்தப் புரதமான ஆல்புமின். இதில் நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பி12 மீனிலும் இறைச்சியிலும் முட்டையிலும் பாலிலும் இருப்பது. சாளை மீனில் தாராளமாக இருக்கிறது. மரச்சீனியும் சாளைக் குழம்பும் அன்றாடம் சாப்பிடும் குளச்சல்காரருக்கு பி12 குறைந்திருந்தால், "சாப்பாட்டில் குறை" என்ற விடை பொருந்தாது. உட்கிரகிப்பதில் கோளாறு இருக்கலாம். பி12 உட்கிரகிக்கப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கிரோன் விரும்பி உட்காரும் இடமும் அதுதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் போடுவதும், இரைப்பைச் சவ்வு தேய்ந்துபோவதும் இதே குறைவைத் தரும் என்பதையும் மறக்கக்கூடாது. இந்தச் சோதனைக்கு இரத்தம் கொடுத்த பிறகுதான் பி காம்ப்ளெக்ஸ் தொடங்க வேண்டும். முன்பே போட்டுவிட்டால் எண் உயர்ந்து, பார்க்க வேண்டியது மறைந்துவிடும்.

மூன்றாவது வழி: வாயில் பயாப்ஸி

உதடு வீக்கம், பாளம் வெடித்த கன்னம், நத்தைத் தடக் கொப்புளம், ஆறாத புண். இந்த நான்கில் ஒன்று இருந்தால் இரண்டாவது வழியோடு இதையும் சேர்த்தே தொடங்கலாம். குடலைவிட வாயில் துண்டு எடுப்பது எளிது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி, ஓரிரு தையல், அன்றே வீட்டுக்குப் போகலாம். பெம்ஃபிகஸ் போன்ற கொப்புள நோய்களையும் புற்றுநோயையும் ஒரே வீச்சில் விலக்கிவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் எங்கள் மேசைக்கு வரும் துண்டுகளில் பாதிக் குறை, அவை எடுக்கப்பட்ட விதத்தில்தான் இருக்கும். கிரானுலோமா மேல்தோலுக்கு நேர் கீழே இருக்காமல் ஆழத்தில், சில சமயம் தசைக்கு அருகில் இருக்கும். மேலோட்டமாக ஒரு கிள்ளு கிள்ளி அனுப்பினால் வீக்கமும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களும்தான் தெரியும். அறிக்கையில் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று வரும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள், நோய் அங்கேயே இருக்கும். நோயின் தொடக்கத்தில் ஆழமாக எடுத்தாலும் கிரானுலோமா இல்லாமல் போகலாம். அப்புறம், ஸ்டீராய்டு தடவி அழற்சியை அடக்கிய பிறகு எடுத்தால் இருந்த செல்களும் கலைந்திருக்கும். பயாப்ஸி எடுக்கும் எண்ணம் இருந்தால் முடிந்தவரை பேஸ்ட்டுக்கு முன்னாலேயே எடுத்துவிடுவது நல்லது.

இன்னொன்று, பாட்டில். வழக்கமான துண்டு ஃபார்மலினில் போகும். காசநோய்க்கு கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு துண்டு ஃபார்மலின் இல்லாமல் சலைன் என்ற உப்புநீரில் வர வேண்டும். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும் சலைன் துண்டே நல்லது. கொப்புள நோய்க்கான, எதிர்ப்பொருளை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளூரசென்ஸ் சோதனைக்கு அதற்கென்று உள்ள வேறு திரவம். எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் மறுபடியும் வாயைக் கீற வேண்டியதுதான். "டாக்டர், காசநோய்க்கும் தனியா அனுப்புறீங்களா?" என்று நோயாளி கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

வாயில் கிரானுலோமா தெரிந்துவிட்டது, ஆகவே கிரோன் என்று முடிவு கட்டவும் கூடாது. வாய்த் துண்டு வாயைப் பற்றித்தான் பேசும். குடலுக்குக் குடல்தான் சாட்சி.

நான்காவது வழி: நேராகக் கொலோனோஸ்கோபி

மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றோட்டம், காரணமில்லாத எடை இறக்கம், ஆசனவாயில் பௌத்திரம் அல்லது சீழ்க்கட்டி, விடாத காய்ச்சல், பிள்ளையின் வளர்ச்சி நின்றுபோவது. இவற்றில் ஒன்று இருந்தால் மல அறிக்கைக்காகக் காத்திருக்காமல் குடல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். குழாய் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய்ப் பார்க்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும் துண்டுகள் எடுக்க வேண்டும். வலது பக்க அடிவயிற்று வலியோடு வருபவருக்கு கிரோனா காசநோயா என்ற கேள்விக்கு இங்கேதான் ஓரளவு விடை கிடைக்கும்.

நம் பக்கம் வயிற்று வலி என்றாலே "அல்சர்" என்று சொல்லிவிடும் பழக்கத்துக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. தென் திருவிதாங்கூரில் டியோடினல் அல்சர், அதாவது சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் புண், அவ்வளவு மிகுதியாக இருந்தது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சோமர்வெல் நெய்யூர் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்து, அந்த அல்சர் அறுவைக்கே பேர் பெற்றார். அந்த அல்சர் அமிலத்தோடும் ஹெலிகோபாக்டர் கிருமியோடும் சம்பந்தப்பட்டது. கிரோனின் புண் வேறு இனம். அமில மாத்திரையில் நோய்க்குணம் கொஞ்சம் மறைந்து மாதங்கள் ஓடிப்போகும் ஆட்களை இன்றும் பார்க்கிறோம்.

எங்கே போவது

வாய்க்கு குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓரல் மெடிசின், ஓரல் பேத்தாலஜி என்ற துறைகளை கேட்டுப் போகலாம். பல் பிடுங்கும் வரிசையில் நிற்க வேண்டாம். குடலுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். மேற்குப் பக்கத்தவர்களுக்கு, மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்களுக்கு, திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிபள்ளத்தைவிட ஒன்றும் பெரிய தூரமில்லை. மாநில எல்லை தாண்டினால் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று முன்பே கேட்டுவிட்டுப் போக வேண்டும். ஸ்லைடுகளையும், துண்டைப் பதித்து வைத்த பாரஃபின் கட்டையையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் அங்கே இரண்டாவது முறை கீற வேண்டி வராது.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது

குடலில் நோய் உறுதியானால் மருந்தை முடிவு செய்வது மருத்துவர்தான். ஆனால் வாயும் கெட்டிருக்கிறது என்பதை அவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தேர்வை மாற்றலாம்.

குடலை ஒட்டிய நிணநீர்க் கணுக்களில் பழகிய டி செல்களின் மேல் ஆல்ஃபா4பீட்டா7 என்ற புரதம் முளைக்கிறது. 629001 என்று எழுதிய கடிதம் நாகர்கோவிலுக்கே வந்து சேர்வதுபோல, இந்தப் புரதம் உள்ள செல் குடலின் இரத்தக் குழாயில் இருக்கும் அதன் இணைப் புரதத்தைக் கண்டு அங்கேயே இறங்கிவிடும். வெடோலிசுமாப் என்ற மருந்து அந்த முகவரியை மறைக்கிறது. செல்கள் குடலுக்குள் இறங்க முடியாமல் போகின்றன. 2014-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்ற மருந்து இது. குடலில் மட்டும் வேலை செய்வதால் உடம்பின் மற்ற இடங்களில் எதிர்ப்பாற்றல் அதிகம் குறையாது. காசநோய் பயமும் ஒப்பீட்டில் குறைவு. ஆனால் அதே காரணத்தால்தான் வாயில் அதன் பலனை நம்பிச் சொல்ல முடியாது.

இன்ஃப்ளிக்சிமாபும் அடலிமுமாபும் டிஎன்எஃப் புரதத்தையே பிடித்து அடக்குபவை. டிஎன்எஃப் வாயிலும் உண்டு, குடலிலும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து வேண்டுமானால் இவைதான் முதலில் பேச்சில் வரும். ஆபத்தும் அங்கேதான். காசநோய்க் கிருமியைக் கிரானுலோமாவுக்குள் கட்டிவைத்திருப்பதும் டிஎன்எஃப்தான். அதை அடக்கினால் உறங்கிக் கிடந்த காசநோய் விழித்துக்கொள்ளும். மார்பு எக்ஸ்ரேயும், உறங்கும் காசநோயைத் தேடும் மான்டூ (தோல்) அல்லது இக்ரா (இரத்த) சோதனையும் முடியாமல் முதல் ஊசி போடக்கூடாது. இதில் அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டில் எது என்பதற்கு நம் ஊர்க் காரணம் ஒன்று இருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். அடலிமுமாப் தொடக்க அளவுகளுக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தானே போட்டுக்கொள்ளும் ஊசி, ஆனால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. விசைப்படகின் ஐஸ் அறையில் மீனோடு வைத்தால் உறைந்து கெடும். இன்ஃப்ளிக்சிமாப் மருத்துவமனையில் ஏற்றுவது. 0, 2, 6-ம் வாரங்கள் கழிந்தால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. கரைக்கு வரும் நாளோடு இதைப் பொருத்திவிடலாம். குலசேகரத்தில் கடை வைத்திருப்பவருக்கோ தக்கலையில் அலுவலகம் போகிறவருக்கோ அடலிமுமாப்தான் வசதி. விலையில் அசல் மருந்தை ஒத்த இந்தியத் தயாரிப்பு உயிரிநகல் (பயோசிமிலர்) மருந்துகள் கொஞ்சம் கைகொடுக்கும். அடலிமுமாபுக்கு அது 2014-லேயே வந்துவிட்டது.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை வேகமாகக் கேட்கும், அதனாலேயே ஆட்கள் அதை விடமாட்டார்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும், எலும்பைக் கரைக்கும். காசநோய் இல்லை என்று உறுதியாகும் முன் தொடங்கினால் கேடு. எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டைத் தருபவர்கள் அதோடு ஃபோலிக் அமிலமும் தருவார்கள், அதை விட்டால் அந்த மருந்தே வாயைப் புண்ணாக்கும்.

சாப்பாட்டில் ஒரு பரிசோதனை

குடல் சுத்தமாக இருக்கிறது, உதடு மட்டும் வீங்குகிறது என்றால் ஊசிகளுக்கு முன்னால் முயன்று பார்க்க ஒன்று உண்டு. மசாலாவில் போடும் பட்டையும், கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சோயேட்டும் இல்லாத உணவு. பிரிட்டனில் இந்த நோயாளிகளிடம் முயன்று பார்த்து ஒரு பகுதியினருக்கு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். முன்னே சொன்ன ஐஜிஇ செல்களுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது ஒரு கருத்து. எத்தனை வாரம் பார்ப்பது என்பதை உணவியல் நிபுணரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். வளரும் பிள்ளைக்கு நாமாகவே சாப்பாட்டை வெட்டிக் குறைக்கக்கூடாது.

நம் சமையலில் இது அவ்வளவு கடினமில்லை. தேங்காய் அரைத்த மீன்குழம்பு, மரச்சீனி, பழஞ்சி, அவியல், எரிசேரி எதிலும் பட்டை இல்லை. சிக்கல் ஞாயிற்றுக்கிழமைதான். பிரியாணி, இறைச்சி வறுவல், கடையில் வாங்கும் கறிமசாலாத் தூள் எல்லாவற்றிலும் பட்டை உண்டு. வாசனைப் பற்பசைகளிலும் சூயிங்கத்திலும்கூட இருக்கும். பென்சோயேட்டுக்குப் பாட்டிலின் பின்னால் 211 என்ற எண்ணைத் தேட வேண்டும். கூல்டிரிங்க்ஸ், ஸ்குவாஷ், சாஸ், கடை ஊறுகாய்.

இப்போது குடல் சுத்தம் என்று வந்த அறிக்கை எப்போதைக்கும் செல்லாது. உதடு வீக்க நோயோடு தொடங்கிய சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, பின்னால் குடல் நோய் வெளிப்பட்டிருக்கிறது. பிள்ளையின் உயரத்தையும் எடையையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். எடை நின்றாலோ வயிறு கலங்கினாலோ கால்ப்ரோடெக்டினைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். பழைய அறிக்கையில் இருந்த எண்ணையும் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.